வரி முடியாத கேள்விகள்

“மூணாவது தடவை கூப்பிடுததுக்கு முன்னால…” என்று அப்பா ஆரம்பிப்பார். அதற்கப்புறம் என்ன சொல்வார் என்பது உலகநாதனுக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. தொண்டையைச் செருமிக்கிடணும் என்பாரா, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கணும் என்பாரா, இல்லை ஜட்ஜ் முகத்தைப் பார்த்துக்கிடணும் என்பாரா. அப்பா முன்சீப் கோர்ட்டில் டவாலி. குறுக்கே சிவப்புப் பட்டையும் அதில் பித்தளை வில்லையுமாக வாசலில் நின்றுகொண்டு, வாதி பிரதிவாதி பெயர்களை மூன்று தடவை கூப்பிடுவது அவர் உத்தியோகம். மூன்று தடவையும் கூப்பிட்டு ஆள் வரவில்லையென்றால் அந்தக் கேஸ் அன்றோடு சரி. அக்காவுக்கு அந்த வாக்கியம் முழுசாகத் தெரியும். அப்பா சொன்ன எல்லாமே அவளுக்கு அப்பாவின் குரலோடு ஞாபகம் இருக்கும், இழுக்கிற இடத்தில் இழுத்து, மூக்கை உறிஞ்சுகிற இடத்தில் உறிஞ்சி அப்படியே சொல்லிக்காட்டுவாள். சொல்லிக்காட்டுவாள் என்று இப்போதும் நிகழ்காலம்போல நினைத்துக்கொள்வது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. ஆவுடை அக்கா இதோ இடது முழங்கை உரசும் தூரத்தில் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் சொல்லத் தெரியும், சொல்லத்தான் முடியாது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தாள். வலது கையும் பேச்சும் போயின. புரிகிறதெல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். வார்த்தை உள்ளேதான் இருக்கிறது, வெளியே வருகிற வழியில்தான் சிக்கல் என்றார். அப்படிச் சொன்னதும் அவனுக்கு வந்தது அழுகைகூட இல்லை, ஒரு மாதிரி நன்றி. உள்ளே இருக்கிறதே, அது போதும் என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

மணி இரண்டு. நாலு மணிக்கு, நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டு ஜெபமணியம்மா வந்துவிடுவார்கள். லேப்டாப்பில் அவன் செய்த விண்டோ வெள்ளையாக விரிந்து கிடக்கிறது. ஒரு எழுத்து இல்லை. விண்டோவுக்குப் பின்னால் அக்கா எழுதிய ஸ்கிரிப்ட், அந்தச் சின்ன நிரல், ஓடிக்கொண்டிருக்கிறதா, செத்துக்கிடக்கிறதா என்றே தெரியவில்லை. கீழே ஜெராக்ஸ் கடையில் மிஷின் போய்ப் போய்த் திரும்பும் சத்தம் தரையில் லேசாக அதிர்ந்தது. அவன் மறுபடி ஓடவிட்டான். வெள்ளை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ‘பதில் இல்லை, நிறுத்தப்பட்டது’ என்று கீழ்மூலையில் சிவப்பில் வந்தது. இது எட்டாவது தடவை. அக்காவின் ஸ்கிரிப்டில்தான் ஏதோ கோளாறு என்று மனசு சொன்னது. சொன்ன உடனே அந்த மனசைக் கூச்சத்தோடு திரும்பிப் பார்த்தான், அது சத்தமாகக் கேட்டுவிட்டதோ என்பதுபோல. கேட்டிருக்காது. அக்கா விண்டோவைப் பார்க்கவில்லை, அவன் மேல்சட்டையில் பித்தான் மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்கிரிப்ட் நாலு வருஷமாக ஒரு நாள் நின்றதில்லை. அதை எழுதியவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐம்பது வயதில் வெளியே வந்து, சொல்லிக்கொடுக்க யாருமில்லாமல் புத்தகம் வைத்துத் தானே கற்றுக்கொண்டவள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் தொண்டர் குழு ஒன்று ஊரில் இருக்கிறது, அதற்காக எழுதினாள். ஐந்து பேர் வீடு வீடாகப் போவார்கள். சாயந்திரம் ஒவ்வொருவராக இந்த அறைக்கு வந்து எதிரே உட்காருவார்கள். கருப்புத் திரையில் ஸ்கிரிப்ட் ஒரு கேள்வி போடும். அக்கா அதைத் தன் குரலில் கேட்பாள், அவர்கள் சொல்வதைத் தட்டுவாள், அடுத்த கேள்வி வரும். பதினேழு கேள்வி. பதினேழும் முடிந்தால் நாளைக்கு யார் எந்த வீட்டுக்கு எந்த மருந்தோடு போகவேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். இந்த ஏழு மாதமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள், போன மாதம் ஒரு வீடு விட்டுப்போயிற்று. அதனால்தான் குழுவின் செயலாளர் கந்தையா சார் போனவாரம் வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “தம்பி, திங்கள்கிழமைலேர்ந்து வேற ஆள் போட்டுருவோம், அவங்க வேற ஏதோ ஆப்பு வச்சிருக்காங்களாம், டக்கு டக்குன்னு முடிஞ்சிருமாம். ஆவுடையம்மா ரெஸ்ட் எடுக்கட்டும். என்ன?” அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவளாகவே இடதுகையால் சுவரைப் பிடித்து நடந்து வந்து, ஏழு மாதமாக உட்காராத இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உலகநாதன், கந்தையா சாரைப் போனில் கூப்பிட்டு, சனிக்கிழமை ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் சார் என்று கேட்டான். இன்றைக்குத்தான் சனிக்கிழமை.

அவன் முதலில் செய்தது வேறு. ஜெர்மனியின் ஹாம்பர்கில் இருபத்தோரு வருஷம் துறைமுகத்துக் கிரேன்களுக்கு நிரல் எழுதியவன்; திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அக்காவின் ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டே மணி நேரத்தில் தானே புதிதாக ஒன்று எழுதினான். பதினேழு கேள்வியும் ஒரே பக்கத்தில், கட்டம் கட்டமாக, முதலில் நோயாளி எண், அப்புறம் பெயர், வயது, வலியின் அளவு. பளிச்சென்று இருந்தது. அக்கா பார்த்தாள். இடதுகையின் நுனிவிரல்களால் லேப்டாப்பை மேஜையில் தள்ளினாள், பிடிக்காத சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவதுபோல. அவனுக்குக் கோபம் வந்தது, உண்மையில் வந்தது. பிறகுதான் அவள் ஸ்கிரிப்டைத் திறந்து முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தான். முதல் கேள்வி எண்ணும் இல்லை பெயரும் இல்லை. ‘கதவ யாரு தொறந்தா?’ அதுதான் முதல் கேள்வி. இரண்டாவது, ‘உங்களுக்குத் தண்ணி குடுத்தாங்களா?’ மூன்றாவது, ‘அவங்க சாப்பிட்டாங்களா, என்ன சாப்பிட்டாங்க?’ வலி ஒன்பதாவதாகத்தான் வருகிறது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே போனவன் நின்றுவிட்டான். கதவைப் பக்கத்து வீட்டுக்காரி திறந்தாள் என்றால் கவனிக்கிற ஆள் படுத்துவிட்டாள் என்று அர்த்தம். கதவு திறந்தே கிடந்தது என்றால் அது வேறு. நோயாளியே வந்து திறந்தால் அது எவ்வளவு பெரிய சேதி. போனவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தோன்றுகிற வீடு இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிற வீடு. நாலு வருஷம் எதிரே உட்கார்ந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரிசை மாற்றியிருக்கிறாள்; பழைய வரிசைகளை அழிக்காமல் தேதி போட்டுக் கீழே வைத்திருக்கிறாள். இதை இரண்டு மணி நேரத்தில் தூக்கிப்போடப் பார்த்தோமே என்று நினைத்தபோது காது சுட்டது. தட்டைத் தள்ளினாளே, நல்லவேளை, தள்ளத் தெம்பு இருந்ததே. ஸ்கிரிப்டில் கை வைப்பதில்லை என்று அப்போது தீர்மானித்தான். அது இருக்கிறபடியே ஓடட்டும், அது சொல்வதை, நிரல்களுக்கு நடுவே போடும் ஒரு குழாய் வழியாக வாங்கி விண்டோவில் பெரிய எழுத்தில் காட்டுவோம், எதிரே உட்கார்ந்திருப்பவர் படித்துக்கொள்ளட்டும், அக்கா குரல் கொடுக்கவேண்டியதில்லை. பதிலுக்குப் பெரிய பெரிய பட்டன்கள், இடதுகையால் தொட்டால் அந்தச் சொல் இன்னொரு குழாய் வழியாக ஸ்கிரிப்டுக்குள் போகும், அவள் தட்டியதாகவே அது நினைத்துக்கொள்ளும். இரண்டு குழாய். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நாலு நாளாக வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒன்பதாவது தடவை. ஒன்று, இரண்டு. மூன்று வருவதற்குள் அக்காவின் இடதுகை அவனைத் தாண்டி நீண்டது. மவுஸின்மேல் உட்கார்ந்தது, மெதுவாக ஊர்ந்தது, விண்டோவின் மூலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்தியது. போதும், போய்ச் சாப்பிடு என்றா, பித்தானைச் சரியாகப் போடு என்றா, எதற்காக அழுத்தினாள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. விண்டோ மூடியது. மூடும்போது மிச்சம் ஏதாவது இருந்தால் பின்னாலிருக்கும் கருப்புத் திரையில் கொட்டு என்று முதல் நாளே எழுதி வைத்து மறந்திருந்தான். கொட்டியது. கதவ யாரு தொறந்தா, தண்ணி குடுத்தாங்களா, சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களா, பதில் வரும் குழாயும் மூடிவிட்டதால் எல்லாவற்றுக்கும் வெற்றுப் பதில் என்று எடுத்துக்கொண்டு பதினேழு கேள்வியும் இடைவெளியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே மூச்சில் வந்து விழுந்தன. அக்கா தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பு. அது சிரிப்புதான், ஏழு மாதத்தில் இப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. உலகநாதன் கருப்புத் திரையையே பார்த்தான். அப்படியென்றால் சாகவில்லை. ஒவ்வொரு தடவையும் பேசியிருக்கிறது. கருப்புத் திரையோடு நேராகப் பேசும்போது இந்த ஸ்கிரிப்டுகள் உடனுக்குடன் பேசும். நடுவில் குழாய் என்று வந்துவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவானேன், தொட்டி நிறையட்டும் மொத்தமாக அனுப்பலாம் என்று சேர்த்து வைத்துக்கொள்ளும். இது அவனுக்குத் தெரியாததா, தொழிலில் முதல் வருஷம் படித்த பாடம். கேள்வி உள்ளே தொட்டியில் நின்றுகொண்டிருந்தது. அவன் வெளியே ஐந்து எண்ணி எண்ணி அதன் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தான், எட்டுத் தடவை. உள்ளேதான் இருக்கிறது, வெளியே வருகிற வழியில்தான் சிக்கல் என்ற டாக்டரின் குரல் வந்தது. அவன் அந்த நினைப்பைத் தள்ளிவிட்டான். அக்கா ஒன்றும் ஸ்கிரிப்ட் இல்லை. அப்படி ஒப்பிடுவது அவனுக்கே பிடிக்கவில்லை. தள்ளினாலும் அது போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தது.

ஸ்கிரிப்டைத் தொடாமல், அதைக் கூப்பிடும்போதே ‘சேர்த்து வைக்காதே’ என்று சொல்லுவதற்கு ஒரு வழி உண்டு. ஒரே ஒரு எழுத்துதான். அதைச் சேர்த்தான், ஓடவிட்டான். மறுபடி வெள்ளை. இந்தத் தடவை பயம் வந்தது. இரண்டு நாற்பது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தும் சத்தம் கேட்டு, ஜெபமணி சீக்கிரமே வந்துவிட்டார்களோ என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அக்காவுக்கு இந்த நாற்காலி போனால் என்ன மிச்சம் என்று எண்ணிப் பார்த்தான். காலையில் மாத்திரை, மத்தியானம் மாத்திரை, செவ்வாயும் வெள்ளியும் பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஷாஹிதா. அந்தப் பெண்ணும் அவனைத்தான் திட்டுகிறாள். “சார், நீங்க முந்திக்காதீங்க. அவங்க ‘த’ன்னதும் நீங்க ‘தண்ணி’ங்கிறீங்க. அவங்க தலகாணி கேக்க வந்திருந்தா? ஒங்களுக்கு அவசரம்னா கொஞ்சம் வெளியில போய் நில்லுங்க சார்.” மேலப்பாளையத்துப் பெண், இருபத்தாறு வயதுதான் இருக்கும், முகத்துக்கு நேரே சொல்வாள். அவன் சரி சரி என்பான், அடுத்த நிமிஷமே முந்துவான். அன்பினால்தான் முந்துகிறோம் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அந்த வாய் வார்த்தைக்காகத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கத் தாங்காமல் முந்துகிறான், அதுதான் உண்மை. தாங்காதது அவனுக்கு. எட்டாம் வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து தூக்கி இங்கிலீஷ் மீடியத்தில் போட்டபோது வகுப்பில் எழுந்து நின்று ஒரு வார்த்தை வராமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வீட்டில் இதே அக்கா, அவனைவிட ஐந்து வயசு மூத்தவள், அடுப்படியில் நின்றபடி ஏன் லேட்டு என்று இங்கிலீஷில் கேட்பாள். அவன் ‘பிகாஸ்’ என்பான், அதோடு நிற்பான். அவளுக்கு அந்த வாக்கியம் தெரியும், எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவே மாட்டாள். ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, தீய்ந்த வாடை வந்தது, அம்மா கொல்லையிலிருந்து கத்தினாள், அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவனாகவே வாக்கியத்தை முடித்தபிறகுதான் அடுப்பை அணைத்தாள். பாலுக்கு அம்மாவிடம் வாங்கிய ஏச்சு முழுவதும் அவளுக்கு. ஹாம்பர்கில் மூன்றாவது மொழி ஒன்றில் வாய் திக்கி நின்ற குளிர்காலமெல்லாம் அந்தப் பால் வாடை அவன் மூக்கில் வந்திருக்கிறது. வரும், தானாக ஒரு தைரியமும் கூட வரும். அதற்கு அவளுக்கு அவன் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொன்னால், என்னல புதுசா, என்பாள். என்றிருப்பாள்.

சரி, தொட்டியில் இல்லை என்றால் எங்கே நிற்கிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் நடந்து பார்த்தான். இந்த முனையில் ஸ்கிரிப்ட் கேட்டுவிட்டது: கதவ யாரு தொறந்தா? கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது. அந்த முனையில் அவன் விண்டோ நிற்கிறது. அது எதற்கு நிற்கிறது? அவன் எழுதியதைப் படித்தான். ‘ஒரு வரி முழுதாக வந்ததும் எடுத்துக் காட்டு.’ வரி. அக்கா கேள்விக்குறி போட்டதும் வரியை முடிக்கமாட்டாள். பதிலை அதே வரியில், கேள்விக்குப் பக்கத்திலேயே தட்டவேண்டும் அவளுக்கு, கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரு வரி. எதிரே இருக்கிறவர் பேசினால்தான் வரி முடியும். ஆக, ஸ்கிரிப்ட் பதிலுக்கு நிற்கிறது, விண்டோ வரி முடிவதற்கு நிற்கிறது, நீ சொல்லு நீ சொல்லு என்று இரண்டும் வாசலில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன, நடுவில் இவன் கடிகாரத்தோடு. அவனுக்குச் சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா புருவத்தைத் தூக்கினாள். “ஒண்ணுமில்லக்கா. நான்தான் கோட்டிக்காரன்” என்றான். அவள் தலையை ஆட்டினாள், அது புதுச்சேதியா என்கிற ஆட்டல். வரிக்காக நிற்காதே, வருவதை வருகிறபடியே எடு என்று மாற்றினான். இப்போது விண்டோவில் வந்தது, வந்தே விட்டது, ஆனால் கேள்விக்குறிகளும் உடைந்த கட்டங்களுமாக வந்தது. மூன்று மணி. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. தமிழெழுத்து ஒன்று குழாயில் போகும்போது மூன்று துண்டாகப் போகும், கொம்போ காலோ சேர்ந்தால் ஆறு துண்டு. அவன் ஒவ்வொரு துண்டையும் ஓர் எழுத்தென்று எண்ணிக்கொண்டு அவசரமாக எடுத்துக் காட்டுகிறான், துண்டை மட்டும் பார்த்தால் கட்டம்தானே தெரியும். ‘த’ என்றதும் தண்ணி. ஷாஹிதா பின்னால் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. எழுத்து முழுசாகச் சேரும்வரை வைத்திரு, சேர்ந்ததும் நிதானமாக ஒவ்வொன்றாகக் கொடு என்று எழுதினான். ஓடவிட்டான். வெள்ளையில் ஒரு ‘க’ வந்தது. நின்றது. ‘த’. அது கையோடு ‘தவ’ ஆயிற்று. விளக்குப் போட்டதுபோல் ஒவ்வொன்றாக, நெல்லிக்காய் அளவு எழுத்தில், கதவ யாரு தொறந்தா? அக்கா முன்னால் குனிந்தாள். அவள் உதடுகள் எழுத்தோடு சேர்ந்து அசைந்தன, சத்தமில்லாமல். அது அவள் வேகம். அவள் வேகத்துக்கே அது பேசியது. உலகநாதன் எழுந்துபோய் அடுப்படியில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தான், காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சநேரம் நின்றான், பிறகு பித்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தான்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாடிப்படியில் ஜெபமணியின் மூச்சு முதலில் ஏறியது, பிறகுதான் ஜெபமணி. அறுபது வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர்கள், மருந்துப் பையை இறக்கி வைக்காமலே பேச ஆரம்பித்தார்கள். “ஏ ஆவுடை! உக்காந்துட்டியா சிம்மாசனத்துல! ஸ்தோத்திரம். இந்தா பாரு, மூணு மாடி ஏறி எறங்கிட்டு இங்க நாலாவது. ஒன்னய மாதிரி ஒக்காந்த எடத்துல ஊரை ஆளக் குடுத்துவைக்கலயே எனக்கு. தம்பி, பொட்டி பேசுதா?” பேசும் என்றான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்கள். விண்டோவில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. ஜெபமணி வாய்விட்டுப் படித்தார்கள். “கதவ… யாரு… தொறந்தா. ஏட்டி! ஒம் பேச்சு மாதிரியே வருது! யாரு தொறந்தாங்கியா? சொன்னா நம்பமாட்ட. அந்தக் குளோரி டீச்சரே எந்திச்சு வந்து தொறந்தா. நாலு மாசமா பாயோட கெடந்தவ! செவத்தப் புடிச்சிக்கிட்டு வந்து, தாழ்ப்பாள அவளே எடுத்து…” அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் இடதுகை மேஜையிலிருந்து எழுந்தது. ‘நோயாளியே’ என்ற பட்டன் வலதுகோடியில் இருந்தது. கை காற்றில் கொஞ்சம் ஆடியது, திசை பிடித்தது, நகர்ந்தது. பட்டனுக்கு நாலு விரல்கட்டைத் தூரம் இருக்கும்போது கேள்வி மறைந்தது. ‘பதில் இல்லை’ என்று சிவப்பில் வந்து, அடுத்த கேள்வி ஓட ஆரம்பித்தது. அக்காவின் கை அப்படியே நின்றது. கீழே ஜெராக்ஸ் மிஷின் போய்த் திரும்பியது. “என்ன தம்பி,” என்றார்கள் ஜெபமணி, “பொட்டிக்கு ரயிலுக்கு நேரமாச்சோ?” ஐந்து வினாடி. அந்த வரியை அவன் மறந்தே போயிருந்தான். ஸ்கிரிப்டுக்கும் மனுஷருக்கும் அதே ஒரு வரி. எந்தப் பக்கம் பேசாவிட்டாலும் ஐந்து எண்ணிவிட்டு மேலே போ. அதை அவன் யோசித்து எழுதவில்லை, கை தானாக எழுதியது. கிரேன் என்றால் அது சரி. ஐந்து வினாடி பதில் வரவில்லையென்றால் கிரேன் நின்றாகவேண்டும், நிற்காவிட்டால் கீழே ஆள் சாவான், அந்த வரியால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டு. முடிவில்லாமல் காத்திருக்கிற நிரலைத் தொழிலில் செத்தது என்றுதான் சொல்வார்கள். மன்னிச்சுக்கோக்கா என்று சொல்லி அவசரமாக முப்பது வினாடி ஆக்கினான், முதலிலிருந்து ஓடவிட்டான். இந்தத் தடவை கை போய்ச் சேர்ந்தது. ‘நோயாளியே’. அடுத்தது, தண்ணி. “காப்பியே போட்டுக் குடுத்தா!” சேர்ந்தது. ஆறு கேள்வி, ஏழு. ஒன்பதில் வலி. ஜெபமணி, “நாலுன்னா நாலு, அஞ்சுன்னா அஞ்சு, அவ மூணுங்கா, மூஞ்சியப் பாத்தா அஞ்சு” என்று இழுத்தார்கள். அக்கா பட்டனைத் தொடாமல் ஜெபமணியின் முகத்தையே பார்த்தாள். இந்த இடத்தில் அவள் நாலு வருஷமும் இப்படித்தான் பார்த்திருக்கவேண்டும், பொய்யில்லாத எண் தானாக வருகிறவரைக்கும். இருபது, இருபத்தைந்து. உலகநாதனுக்கு வாய்வரை வந்தது, நாலுன்னு போட்ருவோமாக்கா என்று. பல்லைக் கடித்தான். முப்பது. கேள்வி மறைந்தது.

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். கோபமில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். “மூ…” என்றாள். அவன் கைகள் கீபோர்டில் இருந்தன, எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். “மூ…ணா…” மூணு என்கிறாளா, வலி மூணு என்றா. மூக்கு என்றா. மூச்சுத் திணறுகிறதா. ஒவ்வொன்றும் நாக்கு நுனியில் வந்து நின்றது, ஒவ்வொன்றையும் விழுங்கினான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று அவன் எண்ணவில்லை, எண்ணாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்பது மட்டும் தெரிந்தது. “மூணா…வது… த… தட…வ…” என்றாள். கண்ணை மூடித் திறந்தாள். மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள், அந்த இடத்தில் அப்பா உறிஞ்சுவதுபோலவே. “வ… வரா… வராண்டா.” அவ்வளவுதான் வந்தது. அவ்வளவு போதும், மிச்சம் அவனுக்கு அப்பாவின் குரலிலேயே முழுசாக வந்துவிட்டது. மூணாவது தடவை கூப்பிடுததுக்கு முன்னால வராண்டா முனை வரைக்கும் ஒருதடவை பாத்துக்கிடணும்டே, எவனாவது கெழவன் செவத்தப் புடிச்சி வந்துக்கிட்டிருப்பான். சிவப்புப் பட்டையோடு வாசலை விட்டு வெளியே வந்து, கையை நெற்றிக்கு வைத்து வெயிலில் பார்க்கும் அப்பா. உள்ளே வக்கீல்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஜட்ஜ் மணியடிப்பார். அப்பா பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார். உலகநாதன் தொடைக்கடியிலிருந்து கைகளை எடுத்தான். அக்காவின் வலது கையை, ஏழு மாதமாக ஒன்றும் பிடிக்காத கையை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டான். “என்…னல,” என்றாள் அவள், “பு…” அதற்குமேல் வரவில்லை. அவன் காத்திருந்தான். ஜெபமணிதான், “ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சுன்னா சொல்லுங்க, எனக்கு இன்னும் ஒம்பது கேள்வி கெடக்கு” என்று முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்கள்.

ஐந்து மணிக்கு கந்தையா சார் போன் செய்தார். ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகுது தம்பி என்றார். பத்து நிமிஷம் என்று சொல்லலாம், முப்பது வினாடியை அப்படியே வைத்தால் பத்தில் முடிந்துவிடும். “கொறைஞ்சது அரைமணி நேரம் ஆகும் சார்” என்றான். “அஞ்சு பேருக்கு ரெண்டரை மணி நேரம்லா ஆகும்? மத்தவங்க ஒக்காரணுமே தம்பி. அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னா எனக்கென்ன…” ஜெபமணி போனை அவன் கையிலிருந்து பிடுங்கினார்கள். “சார், நான் ஜெபமணி பேசுதேன். நாங்க ஒக்காருவோம். நோட்டுல எழுதுன ஏழு மாசமும் ஒருத்தரும் எங்களக் கதவ யாரு தொறந்தான்னு கேக்கல. இங்க ஃபேன் இருக்கு, காப்பி தம்பி போடுவாரு. திங்கக்கெழம வேற ஆளுன்னு யாரையும் அனுப்பிராதீக, வந்து பாவம் அவங்க எங்க ஒக்காருவாக, ஆவுடைல்லா ஒக்காந்திருக்கா.” வைத்துவிட்டார்கள். அக்கா விண்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; மறுபடி ஓடவிட்டு, போன் வந்ததும் அவன் நிறுத்திவைத்த ஒன்பதாவது கேள்வி, அவளுடைய கேள்வி, பெரிய எழுத்தில் பாதியில் நின்றது. கீழே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். உலகநாதன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, முப்பது என்று எழுதியிருந்த வரியை அழித்துவிட்டு, சேமித்தான்.